கூப்பிடு தூரத்தில் ஒரு அம்மன்

போன வாரம் பண்ருட்டி பேருந்து நிலையத்தில் வறுத்த கடலை வாங்கினேன். சூடு ஆறட்டும் என்று பொட்டலத்தைக் கை மாற்றிப் பிடித்தபோதுதான் கவனித்தேன், அது ஏதோ ஒரு பள்ளிப் பிள்ளை தேர்வில் எழுதிய தென்னிந்திய வரைபடம். வேலூரைக் குறிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை அதை வங்காள விரிகுடாவில், கரையிலிருந்து நல்ல தொலைவு தள்ளி, படகு போகிற இடத்தில் குறித்திருந்தது. அதற்கும் ஆசிரியர் அரை மதிப்பெண் போட்டிருந்தார். முகம் தெரியாத அந்த ஆசிரியர்மேல் எனக்குச் சட்டென்று பாசம் வந்துவிட்டது. நானும் அந்த ரகம்தான். கடலில் போட்டாலும் கரையோரமாகப் போட்டிருந்தால் முழு மதிப்பெண்ணும் கொடுத்திருப்பேன்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்று, பதினான்கு வாக்கில் நெய்வேலி நகரியத்தில் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு வரலாறு எடுத்துக்கொண்டிருந்தேன். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து மாமா குவார்ட்டர்ஸில் ஒண்டிக்கொண்டிருந்த காலம். நகரியத்தில் மனிதர்கள் இரண்டே வகை: பர்மனென்ட், காண்ட்ராக்ட். நான் இரண்டிலும் சேராதவன். பிரசவ விடுப்பில் போன ஒரு டீச்சர் திரும்பும் வரைக்கும்தான் எனக்கு வேலை. அவர் குழந்தை நன்றாக வளர வேண்டும், ஆனால் கொஞ்சம் மெதுவாக வளர வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்வேன்.

தலைமையாசிரியை கோயம்புத்தூர்க்காரர். சேர்ந்த அன்றே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: “சார், மேப்பும் காலக்கோடும் சும்மா கெடைக்கிற மார்க்குங்க. அதுல போய் ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்காதீங்க.”

எனக்கோ அப்போது வேறு காய்ச்சல். வரைபடம் என்பது சாட்சி, சாட்சியைச் சும்மா விடக்கூடாது என்று எங்கோ கேட்டுவிட்டு வந்திருந்தேன். யார் வரைந்தது, யாருக்காக வரைந்தது, எப்போது வரைந்தது, எதை வரையாமல் விட்டது? கிராப் என்றால் கோடு எங்கே ஏறுகிறது, எங்கே விழுகிறது, விழுந்த நேரத்தில் ஊரில் என்ன நடந்தது? பிள்ளைகள் என் வகுப்புக்கு ‘போலீஸ் ஸ்டேஷன் பீரியட்’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு நாள் அவர்களுடைய வருகைப் பதிவையே கிராப்பாகப் போட்டு, கோடு ஏன் ஓரிடத்தில் தொப்பென்று விழுகிறது என்று கேட்டேன். காய்ச்சலா, மழையா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, கடைசி பெஞ்சிலிருந்து பதில் வந்தது: “பலாப்பழ சீசன் சார்.” அதைவிடச் சரியான வரலாற்று விளக்கத்தை இன்றுவரை நான் கேட்டதில்லை.

அந்த வகுப்பில் தமிழரசி என்று ஒரு பெண். நிலக்கரிச் சுரங்கத்துக்காகக் காலி செய்த ஊர்களில் ஒன்றின் சனங்களைக் குடிவைத்த காலனியிலிருந்து வருவாள். பேச மாட்டாள், பேசினால் கேள்வியாகத்தான் பேசுவாள். என் விசாரணை வித்தையை வீட்டில் போய் என்னவென்று அளந்தாளோ தெரியவில்லை, ஒரு நாள் மதியம் அவள் அப்பா கலியமூர்த்தி பள்ளிக்கே வந்துவிட்டார். சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் முடிந்து நேராக வந்ததால் புருவம் வரை புழுதி.

“பொண்ணு சொல்லிகினே இருக்குது சார், நீங்க மேப்பப் பாத்தா எதையும் கண்டுபுடிச்சிடுவீங்களாம். எங்க அம்மன் இருந்த எடத்தக் காட்டணும்.”

விஷயம் இதுதான். காலனியில் புதிதாக அம்மன் கோயில் கட்டப் போகிறார்கள். பழைய கோயில் நின்ற இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து போட்டுத்தான் புதுக்கோயிலுக்கு அடித்தளம் போட வேண்டும். அதற்குப் பிடிமண் என்று பெயர். ஊரைக் காலி செய்த அவசரத்தில் சாமியைத் தூக்கிவந்தவர்கள் மண்ணை மறந்துவிட்டார்கள். அப்போது பூசாரி கலியமூர்த்தியின் அப்பா. அன்றிலிருந்து காலனியில் மாடு செத்தாலும், மழை பெய்யாவிட்டாலும், பையன் பெயிலானாலும் பழி அந்தக் குடும்பத்தின் தலையில்தான்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சொந்த மண் கிடைக்காவிட்டால் பக்கத்துப் பெரிய ஊர் கோயிலிலிருந்து மண் கேட்கலாம் என்று சிலர் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். அப்படி எடுத்தால் அதுதான் தாய்க்கோயில். ஒவ்வொரு திருவிழாவிலும் அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் முதல் மரியாதை. தலைமுறை தலைமுறையாக அவர்கள் நிலத்தில் கூலி வேலை செய்த சனங்கள் இவர்கள்.

“அவங்க கொல்லையில குனிஞ்சி வேலை செஞ்சது போதாதா சார்? எங்க சாமியும் போயி அங்க குனியணுமா?” என்றார் கலியமூர்த்தி. எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. கூடவே தலையும் கனத்துவிட்டது, நம்மால்தான் முடியும் என்று.

சிதம்பரத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த நண்பன் ஒருவன் அந்தப் பகுதியின் பழைய வரைபடத்தை நகலெடுத்து அனுப்பினான். ஊர் இருந்தது. ஏரி, மதகு, வண்டிப்பாதை எல்லாம் இருந்தன. பெரிய ஊர் கோயில் கோபுரம் போட்டு கம்பீரமாக இருந்தது. இவர்கள் தெரு இருக்க வேண்டிய இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. தெருவும் இல்லை, அம்மனும் இல்லை. வரைந்தவர் அந்தப் பக்கம் போகவே இல்லையோ, போயும் எழுதத் தோன்றவில்லையோ. வரைபடம் எதை விட்டுவிடுகிறது என்று வகுப்பில் பெரிதாக முழங்கியவன் நான். தமிழரசி அந்த வெள்ளை இடத்தைத் தடவிப் பார்த்ததைக் கண்டபோது என் முழக்கம் எனக்கே கூச்சமாக இருந்தது.

கலியமூர்த்தி அசரவில்லை. “மதகுலேந்து நேரா தெக்கால சார். கூப்புடு தூரம்தான்.”

“கூப்பிடு தூரம்னா எவ்வளவு?”

“எங்கப்பாரு கூழ் ஊத்தறப்ப கோயில்லேந்து கூப்புடுவாரு. மதகுல குளிச்சிகினு இருக்கறவங்களுக்குக் கேக்கும்.”

இதற்கு என்ன அளவுகோல்? மறுநாள் பள்ளி முடிந்ததும் விளையாட்டு மைதானத்தின் ஒரு கோடியில் கலியமூர்த்தியை நிறுத்தினேன். அவர் “கூழுக்கு வாங்கடோவ்!” என்று கத்திக்கொண்டே இருக்க, நான் அடிமேல் அடி வைத்துப் பின்னால் நடந்தேன். சத்தம் கேட்காமல் போகிற இடத்தில் நின்று தூரத்தைக் குறிக்க வேண்டும் என்பது திட்டம். நான் காம்பவுண்டுச் சுவரில் முட்டிக்கொண்ட பிறகும் சத்தம் கேட்டது. தலைமையாசிரியை அறையிலும் கேட்டிருக்கிறது.

“என்னங்க சார் இது, ஸ்கூல்ல கூழ் ஊத்தறீங்களா?”

“வரலாறு மேடம். களப்பணி.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில், அந்த டீச்சரின் குழந்தை ஒரே நாளில் வளர்ந்து கல்லூரிக்கே போய்விட்டது. பிறகு கேட்டைத் தாண்டிச் சாலை வரைக்கும் போய் அளந்தோம். “எங்கப்பாரு தொண்டை இன்னும் பெருசு சார், கொஞ்சம் சேத்துக்குங்க” என்றார் கலியமூர்த்தி. சேர்த்துக்கொண்டேன். உலகத்தில் எந்த நில அளவைத் துறையும் பூசாரி தொண்டைக்குச் சலுகை கொடுத்திருக்காது.

கணினித் திரையில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, ட்ரேசிங் தாளில் எடுத்த பழைய வரைபடத்தை அதன்மேல் ஒட்டவைத்தேன். ரயில் பாதை மட்டும் இரண்டிலும் மாறாமல் கிடந்தது. அதை வைத்துப் பொருத்திப் பார்த்தால், அம்மன் இருந்த இடம், வெட்டியெடுத்து முடித்துப் பிறகு மண் கொட்டி மூடி மரம் நட்டிருந்த பகுதிக்குள் விழுந்தது. காலனிக்காரர்கள் அனுமதி வாங்கினார்கள். மேளம் அடித்து, மஞ்சள் துணி விரித்து, நான் காட்டிய இடத்தில் மண் எடுத்து, புதுப்பானையில் போட்டுக் கலியமூர்த்தி தலையில் சுமந்துவந்தார். எனக்கு மாலை போட்டார்கள். மாலையோடு மாமா வீட்டுக்குப் போனேன், அத்தை பயந்துவிட்டார்.

அடுத்த வாரம் வகுப்பில் கிராப் பாடம். வெற்றி பெற்ற ஆள் சும்மா இருப்பேனா? கண்காட்சி ஒன்றில் வாங்கிவந்த சுரங்கக் கிராப் ஒன்றைச் சுவரில் ஒட்டினேன். அதில் இரண்டு கோடுகள். மேல் கோடு, வெட்டும் இயந்திரங்கள் எந்த ஆண்டில் எதுவரை முன்னேறின என்று காட்டுவது. கீழ்க்கோடு, பின்னால் எதுவரை மண் போட்டு மூடினார்கள் என்று காட்டுவது. நம் அம்மன் இருந்த இடத்தை எப்போது வெட்டினார்கள், எப்போது மூடினார்கள் பாருங்கள் என்று குச்சியால் தொட்டு, கடந்த வாரத்து மாலை இன்னும் கழுத்தில் கிடப்பதுபோல விளக்கிக்கொண்டிருந்தேன்.

தமிழரசி எழுந்தாள். “சார், குழிய மூடுன மண்ணு எங்கேந்து சார் வந்துச்சி?”

“முன்னால வெட்டுற எடத்துலேருந்து.”

“அந்த வருசம் முன்னால எங்க சார் வெட்டிகினு இருந்தாங்க?”

குச்சியை மேல் கோட்டுக்குக் கொண்டுபோனேன். வகுப்பு முழுக்க ஒன்றாகப் படித்தது. அந்த ஆண்டு வெட்டிக்கொண்டிருந்தது பெரிய ஊர்க்காரர்களின் நிலம்.

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே கலியமூர்த்தி வாசலில் நின்றார். புழுதி இல்லாத முகத்தை அன்றுதான் பார்த்தேன். கண் சிவந்திருந்தது.

“பெரிய ஊரு மண்ணயா சார் என் தலையில தூக்கிகினு வந்தேன்?”

இடம் சரி, மண்தான் வேறு என்று சொல்லலாம். சொல்லிப் பார்த்தேன். “எடத்தயா சார் பானையில போட்டுகினு வந்தோம்?” என்று கேட்டார். அடித்தளம் போடும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இது மட்டும் வெளியே தெரிந்தால் பெரிய ஊர்க்காரர்கள் மேளதாளத்தோடு வந்து முதல் மரியாதைக்கு வரிசையில் நிற்பார்கள்.

அப்பாவும் மகளும் நானும் அந்தக் கிராப்பின் முன்னால் தரையில் உட்கார்ந்தோம். இவர்கள் ஊரை வெட்டிய ஆண்டில் கீழ்க்கோடு தொடங்கவே இல்லை. குழி அப்போதுதான் ஆரம்பம், உள்ளே மூட இடம் ஏது? அந்த மண்ணையெல்லாம் வெளியே கொட்டினார்கள். கொட்டிக் கொட்டித்தான் ஊருக்கு வெளியே மண்மலை எழுந்தது. காலனியில் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் தெரிகிற மலை. ஆடு மேய்க்கப் போகிற மலை. இத்தனை வருடம் அம்மன் மண் கண்ணெதிரே குவிந்து கிடக்க, நாங்கள் பள்ளி மைதானத்தில் கத்திக்கொண்டிருந்திருக்கிறோம்.

“முதல்ல வெட்டுனது அடியில கெடக்கும்ப்பா” என்றாள் தமிழரசி. மலை அடிவாரத்தில், மழை அரித்துவிட்ட ஓரத்தில் போய்த் தேடினோம். இந்த முறை மேளம் இல்லை, மாலை இல்லை. கலியமூர்த்தி உடைந்த ஓட்டுச் சில் ஒன்றை எடுத்துத் துடைத்தார்.

“இது எங்க வூட்டு ஓடு சார்!”

“நம்ம வூடு கூரை வூடுன்னு நீதானப்பா சொல்லுவ.”

“அப்ப பக்கத்து வூட்டு ஓடு.”

“பக்கத்து வூடும் கூரைதாம்ப்பா.”

அவர் அதை மடியில் கட்டிக்கொண்டார். அந்த ஓடு எந்த ஊருடையது என்று எந்தக் கிராப்பாலும் சொல்ல முடியாது. நானும் சாட்சியை அதற்குமேல் விசாரிக்கவில்லை. அங்கேயே ஒரு பிடி அள்ளி, துண்டில் முடிந்து, நெற்றியில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் அழுதார். எனக்கும் அழுகை வந்தது, வெயில் என்று சொல்லி மூக்கைத் துடைத்தேன். அந்த மண்ணில்தான் கோயில் எழும்பியது. முதல் மரியாதையை யாருக்கும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. முதலில் எடுத்துவந்த பெரிய ஊர் மண்ணை எறியவும் மனமில்லாமல் கலியமூர்த்தி வீட்டுக்குப் பின்னால் கொட்டி முருங்கை நட்டார். பிரமாதமாகக் காய்த்தது.

நான் அந்த ஆண்டோடு கிளம்பிவிட்டேன். குழந்தை நல்லபடியாக வளர்ந்து டீச்சர் வேலைக்குத் திரும்பிவிட்டார். பிறகு பிள்ளைகள் குறைந்து பள்ளியையும் மூடிவிட்டார்கள். மாமா ஓய்வு பெற்று மதுரைக்குப் போனார். நான் ஒண்டியிருந்த குவார்ட்டர்ஸ் இருந்த வரிசையே இப்போது இல்லை, புதர்தான் இருக்கிறது.

காலனியும் போய்விட்டது. சுரங்கம் அந்தப் பக்கம் நகர்ந்துவர, சனங்களை இன்னும் தள்ளி வேறிடத்தில் குடிவைத்தார்கள். சேதி கேள்விப்பட்டு தமிழரசிக்குப் போன் செய்தேன். அவள் இப்போது விழுப்புரம் பக்கத்தில் ஆசிரியை, வரலாறுதான் எடுக்கிறாள்.

“இந்த வாட்டி மண்ண மொதல்லயே எடுத்தாச்சி சார். சாமியத் தூக்கறதுக்கு முன்னாடியே அப்பா எடுத்துட்டாரு.”

போனை வைத்தபிறகு கைப்பேசி வரைபடத்தில் அந்தக் காலனியைத் தேடினேன். செயற்கைக்கோள் படத்தில் வீடுகளும் இல்லை, தெருவும் இல்லை, வெட்டிப்போட்ட குழி மட்டும். அந்தக் குழியின் நடுவில், அந்தரத்தில், அம்மன் கோயில் என்று பெயரோடு ஒரு புள்ளி நின்றது. கோயில் கட்டிய புதிதில் தமிழரசி தன் கையால் போட்டு வைத்தது. கோயில் இருந்தபோது வெள்ளையாக விட்ட வரைபடத்தையும் பார்த்தேன், கோயில் போனபிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற வரைபடத்தையும் பார்க்கிறேன். திரும்பவும் அவளைக் கூப்பிட்டு, அந்தப் புள்ளியை எடுத்துவிடலாமே, தேடிப் போகிறவர்கள் குழியில் விழுந்து வைப்பார்களே என்றேன்.

“இருக்கட்டும் சார். அங்க நாங்க இருந்தோம்ல?” என்றாள்.