காஜா பெராங்கில் பின்சக்கரத்தை நேராக்கியது

1944-இல், ஜப்பான்காரர் ஆட்சியில், நான் கிராணியாகக் கணக்கு எழுதிய அலோர் காஜா பக்கத்துத் தோட்டத்திலிருந்து மலாக்காவுக்கு மோட்டார் சைக்கிளில் போனது ஊர் சுற்றுவதற்காக அல்ல. என் மனைவி சரசுவுக்கு ஐந்து நாளாக விடாத மலேரியா. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் கையை விரித்துவிட்டார். "பன்னெண்டு கொய்னா மாத்திர கெடச்சா பொழைச்சிருவாங்க, கிராணி. இங்க ஒண்ணுகூட இல்ல." மலாக்காவின் காஜா பெராங்கில் ஒரு சீனர் பதுக்கி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பாதையில் வண்டி ஓட்டப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

தூரம் பதினைந்து மைல். ரப்பரைக் காய்ச்சி எடுத்த பெட்ரோல் அரை கேலன்; புகையில் கண் எரியும். ஜப்பான்காரர் மாற்றிவைத்த தோக்கியோ நேரப்படி காலை ஏழரைக்குக் கிளம்பினேன், பழைய கணக்கில் ஆறு மணி. அனுமதிச் சீட்டு மாலை ஐந்து வரைதான். தாண்டினால் ஜப்பான் சாவடியில் வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள், ஆள் திரும்புவதும் சந்தேகம்.

ஊருக்குள் நுழையும்போதே பின்டயர் பஞ்சர். நானே சக்கரத்தைக் கழற்றி, ஒட்டுப் போட்டு, மாட்டினேன். சங்கிலியை இறுக்கும் திருகுகளை இரண்டு பக்கமும் சரியாக ஆறு சுற்று. கணக்கப்பிள்ளை புத்தி! இரண்டு சாரோங், நான்கு கட்டி எடை அரிசி கொடுத்துப் பன்னிரண்டு மாத்திரை வாங்கி, இரண்டு மணிக்குத் திரும்பினேன். வண்டி இடப்பக்கமே இழுத்தது. செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டி எதிரில் சங்கிலி கழன்று விழுந்தது. வண்டியைத் தள்ளி ஓரங்கட்டினேன்.

எதிர்வீட்டிலிருந்து ஒரு செட்டிக்காரர் வந்தார். போருக்கு முன் பஸ் பட்டறையில் வேலை பார்த்தவராம். மலாக்காச் செட்டிகள் பூர்வீகத்தில் தமிழர்தான், ஆனால் அவர்களுக்குத் தமிழ் வராது, மலாய்தான்.

"பெராபா பூசிங்?" எத்தனை சுற்று என்று கேட்டார்.

"எனாம், கிரி கனான்." இரு பக்கமும் ஆறு என்றேன், பெருமையாகவே.

அவர் இடப்பக்கத் திருகைத் தொட்டுச் சிரித்தார். "ஸ்குரு தாக் சாமா, தம்பி." திருகு இரண்டும் ஒன்றல்ல என்றார். போன மாதம் பழைய திருகு உடைந்தபோது கிடைத்ததை மாட்டியிருந்தேன். அதன் புரி வேறு. ஆறு சுற்றுக்கு அது நகரும் தூரமும் வேறு. சாமான் கிடைக்காத காலத்தில் சுற்றை எண்ணியது என் மடத்தனம்.

"ஜாங்கான் கிரா. தெங்கோக் தாலி." எண்ணாதே, கயிற்றைப் பார் என்று மாவிலைத் தோரணத்துக்கு வைத்திருந்த சணலை எடுத்துவந்தார். பின்சக்கரத்தின் பின்புறம் சுற்றி, இரு பக்கமும் முன்சக்கரம் வரை இழுத்துப் பிடித்தோம். முன்டயர் சற்று ஒல்லி, ஆகவே இரு பக்கமும் சம இடைவெளி இருக்கவேண்டும். ஒரு பக்கம் இரண்டு விரல் இருந்தது. மறுபக்கம் உரசியது. அவர் கால் சுற்றாகத் திருகினார், பார்த்தார், மறுபடி திருகினார். நான் நின்ற இடத்தில் நிற்கவில்லை. மனைவிக்குக் காய்ச்சல், பையில் கொய்னா, சீக்கிரம், சீக்கிரம் என்று நச்சரித்தேன்.

அப்போதுதான் வீட்டுக்குள் கட்டில் கடகடவென்று ஆடும் சத்தம் கேட்டது. வாசல் வழியே பார்த்தேன்; இரண்டு கோணிக்கு அடியில் ஒரு பெண் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"பினி சாயா," என்றார், என் மனைவி என்று. "டெமாம்." காய்ச்சலாம். என் பையை ஒரு முறை பார்த்தார். பிறகு குனிந்து அச்சு மரையை இறுக்கி, கயிற்றை இன்னொரு தரம் பிடித்துப் பார்த்தார். நான் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். மணி மூன்றரை.

சாவடியில் இறங்கிக் குனிந்து வணங்கி, நாலே முக்காலுக்கு வீடு சேர்ந்தேன். வண்டி கோடு போட்டதுபோல் ஓடியது.

போகிறவர்கள் சணல் கயிறு கொண்டுபோங்கள். சுற்றை நம்பாதீர்கள். அச்சை இறுக்கிய பிறகும் ஒருமுறை பாருங்கள், இறுக்கும்போது சக்கரம் நகரும். கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு வையுங்கள்.

மூன்றாம் நாள் சரசுவுக்குக் காய்ச்சல் விட்டது. மரவள்ளிக் கஞ்சி குடித்தபடி நடந்ததையெல்லாம் கேட்டாள். கடைசியில், "அந்தம்மாவுக்கு எத்தன குடுத்தீங்க?" என்றாள்.

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கிண்ணத்தில் இன்னும் கஞ்சி இருந்தது. அதைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.