ஒரு குழி தாண்டி விழுந்த முத்து

எனக்கு எழுபத்தொரு வயசு. பெத்தது ஒன்பது, ஆளாக்கினது ஆறு. மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் இந்த நோட்டில் இருப்பதெல்லாம் நானே, என் வலது கையால் எழுதினது. ஒரு நாளைக்கு நாலு வரி. அவசரம் ஒண்ணும் இல்லை. கை விழுந்துபோய்ப் படுத்திருக்கிறவர்களுக்கும், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதல் அறிகுறி நூலில் வந்தது. மூணு வருஷத்துக்கு முன்னால், ஒரு காலையில் ராட்டையில் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். நூல் அறுந்தது. அதை முடிச்சுப் போடுவது நான் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அன்றைக்கு ரெண்டு நுனியும் விரலில் இருக்கு, விரல்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. மருமகள் வடிவைக் கூப்பிட்டேன். வாயிலிருந்து வந்தது பேர் இல்லை, ஏதோ ஒரு சத்தம்.

பெரியாஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தேன். பக்கவாதம் (மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் அடைத்து, உடம்பில் ஒரு பாதி செயலற்றுப் போவது) என்றார் டாக்டர். பேச்சு ஒரு மாசத்தில் திரும்பியது. காலும் இழுத்து இழுத்து வந்தது. வலது கை மட்டும் மடியில் ஈரத்துணி மாதிரி கிடந்தது. வடிவு கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினாள். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை.

ரப்பர் பந்து கொடுத்துப் பிசையச் சொல்லியிருந்தார்கள். நாலாம் நாள் அது பேரப்பிள்ளைகள் கைக்குப் போய்விட்டது. டாக்டருக்கு அது தெரிந்ததும் கேட்டார்.

“ஏதாவது விளையாடத் தெரியுமாம்மா?”

“இந்த வயசுல வெளையாடினா ஊரு சிரிக்கும், டாக்டர்.”

“ஜெயிக்கணும்ங்கிற ஆசை போயிட்டுதா?”

“அது எப்படிப் போவும்?”

“அப்ப விளையாடுங்க. கைக்கும் நல்லது, புத்திக்கும் நல்லது.”

பரணில் கிடந்த பல்லாங்குழிப் பலகையை இறக்கச் சொன்னேன். என் தாயார் கல்யாணத்துக்குத் தந்தது. வேங்கை மரம். ஒரு மூலையில் எலி கடிச்சிருக்கும்.

கூட ஆட வந்தவள் கோமதி. வடிவைப் பெத்தவள், எனக்குச் சம்பந்தகாரி. அடுத்த தெருவில் தனியாக இருந்தாள். நான் அவளை மதினி என்பேன், அவளும் என்னை மதினி என்பாள். வடிவு கல்யாணத்தில் வைத்த பலகாரத்தைப் பற்றி ஆரம்பித்த பேச்சு எங்களுக்குள் அதுவரை முடிந்திருக்கவில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். பதினாலு குழி. ஒரு குழியில் உள்ள முத்துகளை அள்ளி, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகணும். நாலு சேர்ந்தால் அது பசு, எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் முத்துக்குப் புளியங்கொட்டை வைத்தோம். என் கை மெதுவாக நகர்வதைப் பார்த்துக் கோமதி கேட்பாள்.

“போடுதியளா வெதைக்கியளா, மதினி? இதுக்குள்ள மொளச்சிரும்.”

“மொளச்சா புளிய ஒங்க வீட்டுக்கே குடுத்து விடுதேன். ஒங்க கொழம்புல அதான் கொறச்சல்.”

முதல் மாசம் உள்ளங்கையால் தள்ளினேன். அஞ்சாம் மாசம் ஒரு மத்தியானம், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரே ஒரு கொட்டையைப் பிடித்தன. கோமதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஒங்க ஆட்டந்தான், போடுங்க” என்றாள்.

என் விரல் சரியாக ஆக, அவள் விரல் குழி தாண்ட ஆரம்பித்தது. ஒரு கொட்டை நடுவில் ஒரு குழியை விட்டுவிட்டு அடுத்ததில் விழும். பசு அவளுக்குச் சேரும். மூணு நாள் பொறுத்தேன்.

“பொண்ணக் குடுத்த வீட்டுலயே களவாங்குதியளே, வெக்கமா இல்ல?”

“நான் ஒவ்வொண்ணாத்தான் போட்டேன், மதினி.”

“பாத்துக்கிட்டுல்லா இருக்கேன்!”

“சத்தியமா. ஒவ்வொண்ணாத்தான் போட்டேன்.”

அவள் முகத்தில் களவு இல்லை. நான் கொட்டையைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல் வெறுங்காலோடு போனாள். கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினைந்து நாள் நானும் போகவில்லை, அவளும் வரவில்லை. என் விரல்கள் மறுபடி இறுகின. வடிவு தட்டை வைத்துவிட்டு, “எங்கம்மா களவாணியா, அத்த?” என்று கேட்டாள். நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் கோமதி தானாக வந்தாள். “நேத்து ஆட்டம் பாதியில நிக்கில்லா, மதினி? எடுங்க பலகைய” என்றாள். இறங்கி வந்துவிட்டாள் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். பலகையை எடுத்து வைத்தேன். என் தாயார் கல்யாணத்துக்குத் தந்த பலகை அது. வேங்கை மரம். ஒரு மூலையில் எலி கடிச்சிருக்கும். கோமதி அஞ்சு கொட்டையை அள்ளினாள். கை அந்தரத்தில் நின்றது. பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“மதினி, இத எங்கன போடணும்?”

தெருவில் பவர்லூம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தூரத்தில் கேட்டது. அவள் சண்டையை மன்னித்து வரவில்லை. அவளுக்குச் சண்டையே ஞாபகம் இல்லை.

அதே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். மறதி நோய் (மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, ஞாபகமும் விவரமும் குறைவது) என்றார். குணமாக்குகிற மருந்து இல்லை.

“அப்ப வெளையாட்ட நிறுத்திரட்டுமா?”

“நிறுத்தாதீங்க. நோய அது தடுக்காது. ஆனா அந்த நேரம் அவங்க சிரிப்பாங்கல்ல?”

“எனக்கும் இது வருமா, டாக்டர்?”

அவர் பேனாவை மூடினார். “உங்களுக்கு ஏற்கெனவே மூளையில அடைப்பு வந்திருக்கு. மறுபடி வந்தா ஞாபகத்தையும் தொடலாம். வராமலும் இருக்கலாம். மாத்திரைய விடாதீங்க.”

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லுவேன். வயசானவர்களோடு தினமும் ஏதாவது ஆடுங்கள். ஆட்டத்தில் தப்பு வந்தால் களவு என்று முடிவு கட்டாதீர்கள். பதினைந்து நாள் நான் வீணாக்கினேன். அவளுக்கு விவரம் மிச்சம் இருந்த பதினைந்து நாள்.

கோமதி இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். தினமும் மத்தியானம் ஆடுகிறோம். அவள் இஷ்டப்பட்ட குழியில் போடுவாள். நான் திருத்துவதில்லை. நாலு கொட்டை சேர்ந்து கிடந்தால், யார் பக்கமானாலும், “பசு!” என்று கை தட்டுவாள்.

போன செவ்வாய்க்கிழமை நான் போட்டுக்கொண்டு வரும்போது அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“மதினி, ஒரு குழி தாண்டிட்டிய.”

சிரித்தேன். “நான் ஒவ்வொண்ணாத்தான் போட்டேன்” என்றேன். சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சு யாருடையது என்று தெரிந்தது. குழிகளைப் பார்த்தேன். எதில் போட்டேன், எதை விட்டேன் என்று எனக்குப் புரியவில்லை. அவள் மறதியா, என் மறதியா? பக்கத்தில் வேறு ஆள் இல்லை.

கை எனக்குத் திரும்பி வந்துவிட்டது. ஊசியில் நூல் கோக்கிறேன், எழுதுகிறேன். கை செய்ததை நம்புகிற மனசு மட்டும் போய்விட்டது. காலையில் எழுந்ததும் ஆறு பிள்ளைகள் பேரையும் வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். சொல்லி முடித்தால்தான் அன்றைய பொழுது எனக்கு விடிகிறது.

இந்த நோட்டை ஆரம்பித்து ஒரு மாசம் ஆச்சு. முதல் பக்கத்தில் என்ன எழுதினேன் என்று திருப்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். வடிவின் மகள், எங்கள் ரெண்டு பேருக்கும் பேத்தி, பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள்.

ஏட்டி ஆவுடை, இங்கன வந்து உக்காரு. நோட்ட எடுத்து முதல்லேருந்து சத்தமா வாசி. எழுத்துப் பிழை கெடக்கட்டும். ஒரே சேதிய ரெண்டு எடத்துல எழுதியிருந்தா, ஆச்சி மனசு நோவும்னு தாண்டிப் போயிராத. அந்த எடத்துல நிறுத்தி, எங்கிட்ட சொல்லு.