மஞ்சள் பொட்டலம்

தைவானின் சிஞ்சுவில் நெட்வொர்க் அட்டைகளுக்கு டிரைவர் மென்பொருள் எழுதியே தேய்ந்தவள் பெய்ஷான். கண்காட்சிக்கு முந்தைய நாள் புது அட்டையைச் சர்வர் கண்டுகொள்ளவே இல்லை. மேலாளர் கோ யாரிடமும் சொல்லாமல் அட்டையின் அடையாள எண்ணை மாற்றியிருந்தார். அந்த எண்ணுக்குச் சொந்தம் கொண்டாட எந்த டிரைவரும் இல்லை.

அவருக்கோ சர்வர் மேலிருந்த நொறுக்குப் பொட்டலம்தான் கண்ணில் பட்டது. இயந்திரம் முரண்டு பிடிக்காமலிருக்க அவ்வூர்க்காரர்கள் ராசிக்கு வைப்பது பச்சைப் பொட்டலம். அன்று ராசியில்லாத மஞ்சள் இருந்தது.

“மஞ்சளை வச்சது நீதானே? எல்லார் முன்னாடியும் தின்னு!”

“நம்பரை மாத்தினது நீங்க சார்.”

“வாயை மூடிக்கிட்டுத் தின்னுடி!”

சுற்றி நின்ற வெட்கங்கெட்ட ஜென்மங்கள் சிரித்தன. பெய்ஷான் தின்றுகொண்டே டிரைவரில் புது எண்ணைச் சேர்த்தாள். அட்டை வேலை செய்தது. அதற்குள் பச்சைப் பொட்டலம் வைத்துவிட்டிருந்த கோ, “பாத்தீங்களா!” என்று கை தட்டினார்.

மறுநாள் அவளை வேலையைவிட்டுத் துரத்தினார். அவள் விட்டுப்போன மேசை முழுக்க இப்போது பச்சைப் பொட்டலங்கள்.