கரையில் நின்ற பத்துக் குழாய்கள்

ஜானட்டக்காவை வாய்க்கு வந்தபடி திட்டியவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர்தான். அதில் ஒருத்தி நான். வெட்கக்கேடுதான், ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

திருவொற்றியூரில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் ஸ்டோர் கீப்பர் அவர். வீடு கல்மண்டபத்தில். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. பதினெட்டு வருஷமாகப் பார்சல்களைப் பிரித்து, எது எந்தக் குளிரில் இருக்கவேண்டுமோ அதில் வைக்கிறார். இதுவரை ஒரு பொருளும் அவர் கையில் கெட்டதில்லை. பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொள்ளும் நாங்கள் கெடுத்தவற்றுக்குக் கணக்கே கிடையாது.

போன வருஷம் எனக்கு ஒரு குட்டிச் சீசா வந்தது. உள்ளே சிட்டிகைகூட இல்லாத வெள்ளைப் பொடி. எலியின் செல்கள் மேல் ஒரு ஏற்பிப் புரதம் உண்டு. உடம்பில் வீக்கத்தைக் கிளப்பும் சேதியை வாங்கி உள்ளே அனுப்புவது அதுதான். அதன் மரபணுவை வேறு செல்களுக்குள் புகுத்தி, புரதத்தைச் செய்யவைத்து, சுத்தப்படுத்திப் பொடியாக்கியிருந்தார்கள். எங்கள் மருந்து அதில் போய் ஒட்டுகிறதா என்று நான் பார்க்கவேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் என் ஆய்வையே மூடிவிடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. இன்னொரு சீசா வர இரண்டு மாதம் ஆகும்.

உருகி உருகி உறைந்தால் இந்தப் புரதம் கெட்டுப்போகும். அதனால் பொடியைக் கரைத்து, ஒரு தடவைக்கு ஒன்று என்று இருபது குட்டிக் குழாய்களில் பிரித்தோம். ஜானட்டக்கா அவற்றைச் சாய்த்துப் படுக்கவைத்து உறையவிட்டு, கெட்டியானதும் நிமிர்த்தி அடுக்கினார். "அப்படியே ஒரு தாலாட்டும் பாடுங்கக்கா" என்று கிண்டலடித்தேன்.

பத்தை மாடியில் என் அறை ஃப்ரீசரிலும், பத்தைக் கீழே ஸ்டோர் ஃப்ரீசரிலும் வைப்பேன் என்றார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "ஒவ்வொரு தடவையும் நான் படி ஏறி இறங்கணுமா? இதைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? எல்லாத்தையும் ஒரே இடத்துல வையுங்க!" என்று நாலு பேர் முன்னால் கத்தினேன். அதற்குமேல் பேசியதை எழுத எனக்குக் கை வரவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை என் ஃப்ரீசரைத் திறந்தால் பெட்டியில் பத்துதான் இருந்தது. கத்துவதற்காகவே அவரை மேலே கூப்பிட்டேன். வந்தவர் ஒரு குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"கண்ணு, இது ஒரு தபா கரைஞ்சி, திரும்ப உறைஞ்சிகீது."

"கல்லு மாதிரி இருக்கேக்கா!"

"நான் சாய்ச்சில்ல உறைய வெச்சேன்? மேல்பக்கம் சரிவா இருக்கணும். பாரு, மட்டமா கீது. நிக்கவெச்ச பொறவு தண்ணியாயிருக்கு."

சனிக்கிழமை மாலை ஒரு புது மெஷினைச் சோதிக்க ஃப்ரீசர் பிளக்கைப் பிடுங்கியது நான்தான். திரும்ப மாட்ட மறந்து வீட்டுக்குப் போனவளும் நானே. வாட்ச்மேனைக் கேட்டேன்; ஞாயிறு மதியம் அவர்தான் பார்த்து மாட்டியிருக்கிறார். ஒரு குழாயைச் சோதித்தேன். அந்தப் புரதத்தோடு இயல்பாகவே ஒட்டவேண்டிய மூலக்கூறுகூட ஒட்டவில்லை. ஜானட்டக்காவிடம் சொன்னேன்.

அவர் கீழே போய் இன்னொரு பெட்டியோடு வந்தார். மூடியில் பேனாவால் 'சைமன்' என்று எழுதியிருந்தது. உள்ளே பத்துக் குழாய்கள். பத்திலும் பனி சரிவாகவே இருந்தது.

வியாழக்கிழமை முடிவு வந்தது. மருந்து ஒட்டியது. முதலில் ஓடியது ஸ்டோருக்குத்தான். ஜானட்டக்கா டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"யாருக்கா சைமன்?"

"என் தம்பி. மீன் புடிக்கிற எங்க ஆளுங்க வூட்டு ஆம்பளைங்கள எல்லாம் ஒரே போட்டுல கடலுக்கு அனுப்ப மாட்டாங்க கண்ணு. ஒருத்தன் கரையில நிக்கணும். அன்னிக்கி ஆள் பத்தலன்னு எங்க நைனா கஸ்பார், அண்ணன் பிராங்கிளின், இவன், மூணு பேரும் ஏறிட்டாங்க. எனக்குப் பதினாலு வயசு. ஓடிப்போயி இவன் சட்டையப் புடிச்சி கரைக்கு இஸ்துட்டேன். சட்டை கிழிஞ்சிடிச்சி. காசிமேடே கேக்கற மாதிரி இன்னான்னமோ திட்டினான்."

டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"அந்த போட்டு திரும்பி வர்ல. இவன் இப்போ ஹார்பர்ல டிரெய்லர் ஓட்டுறான். மூணு கொயந்தைங்க."

"மன்னிச்சிடுங்கக்கா" என்றேன்.

"அவனும் இதையேதான் சொன்னான்" என்றார். "டீ ஆறுது, குடி."