மிக்சரில் நான் திருகிய குமிழ்

அன்று மைக் ஊளையிட்டதற்குக் காரணம் நான். பழியை மைக்செட் ஏகாம்பரத்தின் மீது போட்டதும் நான். தெரியாமல் அல்ல... தெரிந்தே!

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் சபாவின் ஆண்டு விழா. நான் செயலாளர். ஓய்வு பெற்ற இயற்பியல் பேராசிரியர் வேறு – கேட்கவா வேண்டும்? பேச வந்த அம்மாள், "என் குரல் எனக்கே கேட்கலையே" என்றார். அவர் காலடியில் இருந்த குட்டி ஸ்பீக்கரைத் திருப்பி வைக்க ஏகாம்பரம் மேடைக்கு ஓடினார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் அருகே போனேன். எல்லாக் குமிழும் சத்தத்துக்குத்தானே என்ற நினைப்பு. அந்த அம்மாளின் மைக்குக்குரிய வரிசையில், உச்சியில் இருந்ததை ஒரு திருகு திருகினேன்.

கூ...ஊ...ய்ங்!

முன்வரிசை காதைப் பொத்தியது. ஏகாம்பரம் பாய்ந்து வந்து மிக்சரில் கை வைத்தார். கூட்டம் திரும்பிப் பார்த்தபோது அங்கே இருந்தது அவர் கை. என் கை என் சட்டைப்பையில்.

சத்தம் அடங்கியதும் மைக்கை வாங்கினேன். "மைக்செட்காரரின் கவனக்குறைவுக்கு வருந்துகிறோம்." சிரிப்பு. கைதட்டல். ஏகாம்பரம் என்னை ஒரு தடவை பார்த்தார்.

அடுத்த விழாவுக்குக் கமிட்டி வேறு ஆளை வைத்தது. "அவர் செட்டு கத்தும்பா" என்று பேச்சு பரவி, அக்கம்பக்கத்துக் கல்யாணங்களும் அவர் கைவிட்டுப் போயின. மூன்று வருடம் நான் வாயைத் திறக்கவில்லை.

போன மாதம் பஸ் ஏறித் தென்னேரிக்கு, அவர் வீட்டுக்கே போனேன். "அன்னிக்குத் திருகினது நான்தான், ஏகாம்பரம்."

"தெரியும் சார். கடியார முள்ளு மாதிரி பத்து மணியில வெச்ச குமிழுக் கோடு மூணு மணியில இல்ல நின்னுக்கினு இருந்துது!"

"அப்பவே ஏன் சொல்லலை?"

"புரபசர் சொன்னா நம்புவாங்களா, மைக்செட்காரன் சொன்னா நம்புவாங்களா?"

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல்: "மூணு வருசமா இந்த மனுசன் இதையேதான் சொல்லிக்கினு இருக்குது!"

ஏகாம்பரம் மிக்சர் பெட்டியைத் திறந்து காட்டினார். "மேல இருக்குதே கெயினு, அது ஏரி மதகு சார். உள்ள எவ்ளோ வரணும்னு அதான் முடிவு பண்ணும். கீழ தள்றோமே ஃபேடரு, அது கழனி மடை. கூட்டத்துக்கு எவ்ளோன்னு வுடறது. நடுவுல இந்தக் குமிழு, மேடை ஸ்பீக்கருக்குப் போற தனி வாய்க்கா. அந்தம்மா கேட்டது இத்த. நீங்க இன்னா பண்ணீங்க? மதகையே தூக்கிட்டீங்க. ஊரே முழுகிடுச்சு!"

முப்பது வருடம் ஒலியலைகளைப் பற்றி வகுப்பெடுத்தவன்... மாணவனைப்போலத் தலையாட்டினேன். பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

டீயோடு வந்த அவர் மனைவி விடவில்லை. "இங்க சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? மைக்ல சொன்னதை மைக்லயே எடுங்க."

நியாயம்தானே?

கமிட்டியில் உண்மையைச் சொன்னேன். இந்த வருட விழாவுக்கு மீண்டும் ஏகாம்பரம். நான் மேடையேறி மைக்கைப் பிடித்தேன். "மூன்று வருடம் முன்பு இங்கே மைக் ஊளையிட்டது. அதில் ஏகாம்பரத்தின் தவறு எதுவும் இல்லை. அதைச் செய்தது..."

மைக் செத்துவிட்டது.

திரும்பினேன். ஏகாம்பரத்தின் விரல் மியூட் பட்டன் மேல். 'போதும் சார்' என்று கையசைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. மூன்றாம் வரிசையில் அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

இறங்கி வந்து, "ஏன்பா இப்படி?" என்றேன்.

"என் மேல தப்பு இல்லன்னு ஊரு கேட்டுச்சு. மீதி எதுக்கு சார்? உங்க வயசுக்கு..."

விழா முடிவதற்குள் இரண்டு பேர் அவரிடம் கல்யாணத் தேதி சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த மீதியைத்தான் இந்தக் கட்டுரையின் முதல் வரியாக எழுதியிருக்கிறேன். நல்லவேளை – அச்சுக்கு மியூட் பட்டன் கிடையாது!