ஆள்காட்டி குடியேறிய மனை

பஸ் முழுதாக நிற்பதற்குள் நாகலக்ஷ்மி மாமி இறங்கிவிடுவார். நாங்கள் இறங்க வேண்டிய திருநகர் ஸ்டாப் இன்னும் தள்ளி இருக்கும். காய்கறிப் பை என் மடியில், மாமி கண்மாய்க்கரையில்.

"ஏம்மா, திருநகருக்குத்தானே டிக்கெட் எடுத்தீக?" என்பார் கண்டக்டர்.

"மிச்ச தூரத்தை நீயே வச்சுக்கோப்பா. அங்க பாரு, கருவேலமரத்துல நீர்க்காகம் ரெக்கையைக் காயப்போட்டிருக்கு!"

விசில் ஊதும்வரை கண்டக்டரும் பார்ப்பார்.

மாமிக்கு உட்கார்ந்து பேச வராது. என் வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு கால், உள்ளே ஒரு கால். காபி ஆறிக்கொண்டிருக்கும். சொல்ல வந்தது பாதியில் நிற்க, "இதோ வந்துட்டேன்" என்று எழுந்து போவார். வேலியில் ஓணான் ஒன்று தலையாட்டியிருக்கும். புடவைக் கரையில் எப்போதும் நாயுருவி விதை, செருப்படியில் நெருஞ்சி முள். வடாம் பிழிவதா வேண்டாமா என்பதைத் திருப்பரங்குன்றம் மலையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். "மலை கிட்டக்க வந்துடுத்து. இன்னிக்கு மாவு கிளறாதீங்கோ. ரேடியோக்காரன் சொல்றதெல்லாம் மெட்ராஸுக்கு." சாயங்காலம் மழை பெய்தால் மாமி ஜெயித்தார். பெய்யாத நாட்களை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

கணவர் ஹாலாஸ்யம் மின்வாரியத்தில் குமாஸ்தா. "கத்தரிக்காய் வாங்கப் போனவ, காக்கா குருவிக்கெல்லாம் க்ஷேமலாபம் விசாரிச்சுண்டு வரா. குழம்பு எப்போ கொதிக்கறது?" என்று முன்பெல்லாம் சிரிப்பார். இப்போது சிரிக்கும் நிலையில் இல்லை. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். பின்தெருவில் வாங்கிப் போட்டிருக்கும் மனையில் வைகாசி வாஸ்துவுக்குப் பூமிபூஜை போட்டாக வேண்டும். ஆனியில் வாஸ்து கிடையாது, ஆடியில் தொடங்க மாட்டார்கள். விட்டால் ஆவணிதான்.

அந்த மனையில்தான் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டிருந்தது. கண்டுபிடித்தது மாமி. கூடு என்று ஒன்றுமில்லை. சரளைக்கு நடுவே நாலு முட்டை, சரளை நிறத்திலேயே. என்னையும் இழுத்துக்கொண்டு போய் எதிர்வீட்டுச் சுவரோரம் நிறுத்தினார். உச்சி வெயிலில் பறவை முட்டைமேல் உட்காராமல், இறக்கையைத் தளர்த்தி, கால்களை ஊன்றி நின்றது.

"அடைகாக்கலையே மாமி?"

"இந்த வெயில்ல என்னத்தை அடைகாக்கறது? அவிஞ்சு போயிடாதோ! நிழல் போட்டுண்டு நிக்கறது, பாருங்கோ. அசையவே மாட்டேங்கறது. எனக்கெல்லாம் வராதும்மா."

அன்றிலிருந்து மாமிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மனைக்கு ஓடுவார். கணவரிடமும் மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"ஆவணி முகூர்த்தம் ரொம்ப விசேஷமாமே?"

"விசேஷந்தான். அதுவரைக்கும் ரோட்டுல குடித்தனம் பண்ணலாமா?"

"இல்ல, முட்டை பொரிஞ்சுடட்டுமேன்னு..."

"நாகு, நான் வீடு கட்டறது நமக்கு."

"அவர் சொல்றதும் நியாயந்தானே?" என்று என்னிடம் கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை, மனைப்பக்கம் போய்விட்டார்.

பூஜையன்று விடியுமுன்பே கோலப்பொடியோடு அங்கே இருந்தார். பூஜை நடக்கும் ஈசான்ய மூலையில் சின்னதாய் ஒரு கோலம். தெற்கே, முட்டைகளைச் சுற்றி, தேர்போல ஒன்று. கோலத்தை யார் மிதிப்பார்கள்?

கொத்தனார் மலையாண்டி தலையைச் சொறிந்தார். "ஏம்மா, இம்புட்டுப் பெரிய கோலத்த இங்கன போட்டா மணல் வண்டி எங்கிட்டு வரும்?"

மேலே பறவை கத்திக்கொண்டு சுற்றியது. மலையாண்டி அதைப் பார்த்தார், கோலத்துக்குள் குனிந்து பார்த்தார்.

"அட, ஆக்காட்டி! நீங்க குடிவாரதுக்கு முந்தி இதக் குடிவச்சுட்டீகளாக்கும்? சரிம்மா, அஸ்திவாரத்த வடக்க இருந்து தோண்டிக்கிட்டு வாரோம். இங்கன வாரதுக்குள்ள பொரிச்சா உண்டு. இல்லைன்னா என்னையச் சொல்லக் கூடாது."

வாத்தியார் வரத் தாமதம். மந்திரம் முடிந்து செங்கல் வைத்தபோது வெயில் உறைக்கத் தொடங்கியிருந்தது. எல்லோரும் சுண்டலோடு வேப்பமர நிழலுக்கு ஒதுங்கினோம். மலையாண்டியின் ஆட்கள் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். ஆள் நடமாட்டத்தில் பறவை இறங்கவே இல்லை. முட்டைகள் வெயிலில் கிடந்தன. மாமி எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். சுண்டல் தட்டை என் கையில் திணித்தார்.

"இதோ வந்துட்டேன்."

கோலத்தின் விளிம்புக்குப் போய், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். புடவைத் தலைப்பை இரு கைகளாலும் விரித்துப் பிடித்தார். நிழல் சரளைமேல் விழுந்தது.

"நாகு! வாத்தியார் கிளம்பறார், வாயேன்" என்று கூப்பிட்டார் ஹாலாஸ்யம்.

மாமி திரும்பவில்லை. காலைக்கூட மாற்றி வைக்கவில்லை.