விரல் பட்டாலே ஊமையாகும் போன்

செல்போன் கடையில் வேலை பார்ப்பவனுக்கு விற்கும்வரை ஒரு கவலை, விற்ற பிறகு ஒன்பது கவலை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் நிற்கிறேன். புத்தகம்போல மடிக்கிற போன் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்குவதில்லை. அதில் சத்தத்துக்குப் பட்டன் கிடையாது. ஓரத்தில் விரலை மேலே இழுத்தால் கூடும், கீழே இழுத்தால் குறையும். வாங்கி மாட்டிக்கொண்டவர்களே, உங்களோடு நானும் சேர்த்திதான். அதிகம் விற்றதற்குப் பரிசாக எனக்கு ஒன்று கிடைத்தது. ரெட்டியார்சத்திரம் பக்கம் தோட்டத்தில் தனியாக இருக்கும் அப்பாவிடம் அதைக் கொடுத்தேன். அம்மா போன பிறகு எங்களுக்குள் இருந்தது தினமும் மத்தியானம் நான் பேசுகிற ஒரு போன்தான்.

டீச்சரின் எச்சில்

மரியபுஷ்பம் டீச்சர் ஓய்வு பெற்றவர். வெளிநாட்டு மகன் அனுப்பும் பாட்டு எதுவும் கேட்கவில்லை என்று வந்தார். ஒரு பாட்டைப் போட்டுக் காட்டச் சொன்னேன். போனை விரித்தார், ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டார், பரீட்சைத் தாள் புரட்டுகிற மாதிரி ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்தார். ஈரத்தில் விரல் கீழே வழுக்கி, சத்தம் அடியோடு போனது. எச்சில் வேண்டாம் டீச்சர் என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் தலையாட்டிவிட்டு நாக்கைத்தான் தொட்டார்.

கடைசியில் போனை மடித்துப் பைக்குள் வைத்தார். "எத்தன பிள்ளைகள ஃபெயிலாக்குன விரலு தம்பி, இப்ப என்னையவே ஃபெயிலாக்குது."

பாய்க்கு விரல் இல்லை

தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கும் பாய் ஒருவருக்கு நேர்மாறான கஷ்டம். அவர் எவ்வளவு தேய்த்தாலும் போன் அசையவில்லை. சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வழவழவென்று ஆகியிருந்தது. ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன், கட்டை விரலை வைக்கச் சொன்னேன், ஒன்றும் நடக்கவில்லை. பள்ளிவாசலில் எல்லாரும் குனிந்திருந்த நேரத்தில் அது அலறியதாம். அன்றிலிருந்து காலையில் கிளம்பும்போது மனைவியைக் கூப்பிட்டுச் சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறார். அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

"போன வித்தீங்கள்ல, அதுக்குத் தோதா ஒரு விரலும் வித்திருக்கலாம்ல தம்பி" என்றார்.

பெட்டிக்குள் கிடந்த சீட்டு

இரண்டு மாதம் இப்படியே போனது. சர்வீஸ் மேசையில் இருக்கும் ரதி வேடசந்தூர்ப் பெண். ஒருநாள் புகாரோடு வந்த ஒருவரின் போனை என் கையிலிருந்து வாங்கி, செட்டிங்கில் எதையோ தட்டினாள். ஓரத்து வேலை நின்றுவிட்டது. திரையிலேயே கூட்டவும் குறைக்கவும் பெரிதாக இரண்டு குறி வந்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் அம்புட்டுப் பேருக்கும் விரல் பயிற்சி கொடுத்திருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. டீச்சரையும் பாயையும் மற்றவர்களையும் கூப்பிட்டு மாற்றிக் கொடுத்தேன். அப்பா போன் மட்டும் நினைவுக்கே வரவில்லை.

"பெட்டிக்குள்ள கெடந்த சீட்டுல போட்டிருந்துச்சுண்ணே, நம்ம எங்க படிக்கிறோம்" என்றாள் ரதி.

நாலு நாள்

அந்த வாரம்தான் அப்பாவோடு சண்டை. டவுனுக்கு வந்து என்னோடு இருங்கள் என்றேன், முடியாது என்றார். மறுநாள் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் எடுக்கவில்லை. கோபம் என்று விட்டுவிட்டேன். நாலாம் நாள் பயம் பிடித்துக்கொண்டது. லீவு சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறினேன்.

அப்பா கத்தரிச் செடிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். உயிர் வந்தது. வேட்டி மடிப்பில் போனைச் செருகியிருந்தார். அவர் குனிந்து நிமிர, துணி உரசி உரசிச் சத்தம் சுத்தமாக இறங்கியிருந்தது. விரித்துப் பார்த்திருந்தால் என் அழைப்புகள் தெரிந்திருக்கும். உடைந்துவிடுமோ என்று, மணி அடித்தாலொழிய அவர் அதை விரிப்பதே இல்லை. அவராகக் கூப்பிடுவதும் கிடையாது. கடையில் எனக்குத் தொந்தரவாம்.

"நீ கோவத்துல இருக்க, இன்னிக்காச்சும் கூப்புடுவன்னு சோத்தப் போட்டு வச்சுக்கிட்டே உக்காந்திருப்பேன். மணி அடிக்கல. சரி, பெத்ததுக்கும் நமக்கும் இம்புட்டுத்தான்னு நெனச்சுக்கிட்டேம்ப்பா" என்றார்.

மறுநாள் கடைக்கு வந்து, லேசாகத் தொட்டாலே போதும் சார், அம்புட்டு நல்லா வேலை செய்யும் என்று சொல்லி இன்னொன்றை விற்றேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.